வாசலில் ஒரு மூச்சு

வெள்ளையாக ஒரு மூச்சு. மழை விட்ட அந்தியில், வாசல் விளக்கின் கீழே, என் முகத்துக்கு நேரே. கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு இருக்காது.

"ஊதுங்க" என்பேன். அவர் ஊதுவார். நான் மோந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் என் புருஷன் வீட்டுக்குள் கால் வைக்கலாம்.

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லார் வாயிலும் புகை வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு விரலை உதட்டில் வைத்து, சிகரெட் பிடிப்பதாகப் பாவனை செய்து ஊதிக்கொண்டு போவார்கள். எனக்கு அது விளையாட்டு இல்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர்கூட இவ்வளவு கிட்டத்தில் வந்து மோந்து பார்க்க மாட்டார். கோபத்தில் 'ஊதுடா' என்றுதான் வாயில் வரும். கல்யாணமான நாளிலிருந்து வந்த மரியாதை, அதைத் தொண்டையிலேயே பிடித்து நிறுத்திவிடும்.

அவர் பெயர் கிட்டுசாமி. டீ ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறவர். நான் பூங்கொடி. ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். மெஷின் எதற்கு ஜன்னலோரம் என்று கேட்பவர்களிடம் வெளிச்சத்துக்காக என்று சொல்வேன். பாதையைப் பார்ப்பதற்காக.

*

போன பங்குனி. மாரியம்மன் கோயில் திருவிழா. மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு படி இறங்கினார். குடித்திருந்தார்.

விழுந்தவருக்கு முட்டியில் சிராய்ப்பு. சௌமியாவுக்கு இடது கை முறிந்தது.

எலும்பு சேர்ந்துவிட்டது. கொஞ்சம் வளைந்து சேர்ந்தது. அவளுக்குச் சட்டை தைக்கும்போது இடது கையை மட்டும் வேறு மாதிரி வெட்டுகிறேன். ஒவ்வொரு முறை கத்தரி அந்த வளைவில் திரும்பும்போதும் அந்தக் கோயில் படி கண்ணில் வருகிறது.

அன்றைக்கு ஒரு பை கட்டினேன். இரண்டு சேலை, மகளுடைய துணி, அவள் ஸ்வெட்டர், ஆதார் அட்டைகள். கட்டிலுக்கடியில் தள்ளினேன். "இன்னொரு தடவை வாசம் வந்துச்சுன்னா, அண்ணன் வூட்டுக்குப் போயிருவேனுங்க. திரும்பி வர மாட்டேன்." அவர் பையைப் பார்த்தார்.

அன்றோடு நிறுத்திவிட்டார்.

அதுதான் எனக்குச் சந்தேகம்.

*

ஏனென்றால் நிறுத்துவது அவருக்குப் புதிது இல்லை. வருஷா வருஷம் நிறுத்துவார். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுவார். கறுப்பு வேட்டி, குளிர்ந்த தண்ணீரில் குளியல், வாய் நிறையச் சரணம். ஊரே சாமி சாமி என்று கூப்பிடும். நானும் கூப்பிடுவேன்.

ஒரு மண்டலம் எங்கள் வீடு கோயிலாக இருக்கும். மலைக்குப் போய்த் திரும்பி வந்து மாலையைக் கழற்றுவார். கழற்றிய அன்றைக்கே பிராந்திக் கடைக்குப் போவார். அரவணை டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார், அதில் குறை சொல்ல முடியாது.

அந்த நல்லவரை எனக்குத் தெரியும். எப்போது வருவார், எப்போது போவார், எல்லாம் காலண்டரில் இருக்கும். அவரை நம்புவது சுலபம்.

இந்த நல்லவரைத் தெரியவில்லை. இவர் சாமிக்குச் சத்தியம் செய்யவில்லை. கையில் கயிறு கட்டவில்லை. என்றைக்கு முடிகிற விரதம் இது என்று யாரிடம் கேட்பேன்?

காலையில் எனக்கு முன்னால் எழுந்தார். அடுப்பு பற்றவைத்தார். சந்தேகம்.

சௌமியாவுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே. பிறகு இரண்டும் ஒரே மட்டத்தில். சந்தேகம்.

வேலை விட்டு வரும்போது வாயில் இஞ்சி மிட்டாய். தினமும். இஞ்சி எதை மறைக்கிறது? "இன்னொரு தடவை ஊதுங்க" என்பேன். இன்னொரு தடவை ஊதுவார். கோபப்படவே மாட்டார். கோபப்பட்டிருந்தால் பாதி நம்பியிருப்பேன்.

*

மழை. ஐப்பசி முழுக்க மழை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மஞ்சு ஏறி வந்து, எதிர் வீட்டை அழித்துவிட்டு, எங்கள் ஜன்னலில் வந்து நிற்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குடை வரும். அவருடையதுதானா என்று கடைசிப் படி வரைக்கும் தெரியாது.

கார்த்திகை பிறந்தது. ஃபாக்டரியில் பாதிப் பேர் கறுப்பு வேட்டிக்கு மாறினார்கள். இவர் காக்கியிலேயே போனார்.

"மாலை போடலீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல அம்மிணி. இந்த வருசம் வேண்டாம்."

எனக்குள் குளிர் இறங்கியது. மாலை போட்டாலாவது ஒரு மண்டலம் உறுதி. அதையும் வேண்டாம் என்கிறாரே. அப்படியானால் எதற்கு வழி வைத்துக்கொள்கிறார்?

அந்த வாரமே ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தி, அளவு பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க வூட்டுக்காரர கடைகிட்டத்தான் தெனமும் பாக்கறனுங்கக்கா." சொல்லிவிட்டு, கக்கத்தில் பிடிக்கிறது என்றாள். கக்கத்தைப் பிரித்துவிட்டேன்.

ஃபாக்டரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு வழி. தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குவழி. மேலே கடைவீதியைச் சுற்றி வரும் ரோடு. ரோட்டில்தான் அந்தக் கடை. குடியை விட்ட ஒருவன், குறுக்குவழியை விட்டுவிட்டு, எதற்காகக் கடை வாசல் வழியாக வர வேண்டும்?

*

பக்கத்து வீட்டில் சௌமியாவை விட்டேன். குடையை எடுத்தேன். வேலை முடிந்த சங்கு ஊதும் நேரத்துக்கு, பேக்கரி ஓரமாக ஒதுங்கி நின்றேன். புருஷனை வேவு பார்க்க நிற்கிறோமே என்று கூசியது. ஆனாலும் நின்றேன்.

வந்தார். வழி பிரியும் இடத்தில் நின்றார். குறுக்குவழியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பினார். குடையைத் தாழ்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கடை. தகரக் கூரையில் மழை. கூரைக்குக் கீழே நாலைந்து பேர். ஒருவர் கூப்பிட்டார். "கிட்டு, மாலையும் போடல. அப்பறம் என்னப்பா? வா."

அவர் நின்றார். நான் மூச்சுவிடவில்லை.

சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து, அவர்களுக்குக் காட்டி, பிரித்து வாயில் போட்டார். அவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நடந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு நொடி. இன்றைக்குப் போகவில்லை, அவ்வளவுதானே என்று மனசு உடனே கணக்கை மாற்றிக்கொண்டது.

அவருக்கு முன்னால் வீடு சேர வேண்டும். வந்த வழியே திரும்பி ஓடி, குறுக்குவழியில் இறங்கினேன்.

ஈரத் தேயிலை இரண்டு பக்கமும் இடுப்பைத் தடவியது. காலில் அட்டை ஏறியது. பாதி வழியில் ஒரு பெரிய சில்வர் ஓக். அதன் அடியில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கல். கல்லுக்குப் பின்னால் பாட்டில்கள்.

ஒன்றிரண்டு இல்லை. குவியல்.

ரோட்டில் ஊருக்கு ஒரு முகம், இங்கே இதுவா? ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக் கூடத்தில் வைத்தேன். சேறோடு பாட்டிலை வாசல்படியில் வைத்தேன். விளக்கைப் போட்டேன்.

*

அவர் வந்தார். குடையை மடக்கினார். பாட்டிலைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

நான் ஊதுங்க என்று சொல்லவில்லை. "அந்தக் கல்லுக்கிட்ட கெடந்துச்சுங்க" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். மழை முதுகில் விழுந்தது. பாட்டிலைக் கையில் எடுக்கவில்லை. அதை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார்.

"என்னுதுதான். எல்லாம் பழசு. கடையில நின்னு நா குடிச்சதே இல்ல. வாங்கிட்டு வந்து அந்தக் கல்லு மேல உக்காந்துதான்."

அவரே தொடர்ந்தார். "அதனாலதான் அந்த வழியா வர்றதில்ல. கடையப் பாத்தா ஒண்ணும் ஆகறதில்ல. அந்தக் கல்லப் பாத்தா, காலு தானா கடைக்குத் திரும்புது. ரோட்டுல நாலு பேரு பாக்கறாங்க. இங்க வாசல்ல நீ மோந்து பாக்கற. அங்க நா மட்டுந்தான் இருக்கேன் அம்மிணி. என்னைய நம்பி நா எப்படி வர்றது?"

நான் விளக்கடியில் குனிந்து பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே பாசி பிடித்திருந்தது. வாய் வழியாக ஒரு சின்ன நத்தை வெளியே வந்துகொண்டிருந்தது. ஆத்திரத்தில் இதைப் பார்க்காமல் ஓடிவந்திருக்கிறேன்.

"மாலை?" என்றேன்.

"போட்டா, கழட்டற நாளத்தான் எண்ணிக்கிட்டிருப்பேன். இப்ப எண்ண ஒண்ணும் இல்ல."

நான் அழுதேன். இவ்வளவு நாளாக அந்த ஆள்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் என்று நினைத்திருந்தேன். அவரும் அதே ஆளைத்தான் வேவு பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடக் கிட்டத்திலிருந்து.

*

மறுநாள் மழை இல்லை. பனி. வானம் வெளுத்து, தேயிலை நுனியெல்லாம் ஈர வெளிச்சம்.

சௌமியா குளிருகிறது என்றாள். பையைத் திறந்து அவள் ஸ்வெட்டரை மட்டும் எடுத்தேன். இடது கையை மெதுவாக நுழைத்துவிட்டேன். பையை மறுபடி கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். முழுக்கப் பிரித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. பொய் சொல்லி என்ன?

ஆனாலும் ஒன்று முடிவு செய்திருந்தேன். இன்றைக்குக் கேட்கப் போவதில்லை.

அந்தியில் படியேறி வந்தார். மெஷினை நிறுத்தினேன். கதவைத் திறந்துவிட்டு, "வாங்க, டீ ஆறுது" என்று சொல்லி உள்ளே திரும்பினேன்.

பின்னால் செருப்புச் சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வாசலிலேயே நின்றார். பனி தலைமயிரில் பொடியாக இறங்கியிருந்தது. உள்ளே வந்துவிட யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட மறந்துபோன பிள்ளை மாதிரி நின்றார்.

"கேக்கலியே?" என்றார்.

"நம்பறனுங்க" என்றேன். சொல்லும்போதே அது முழுசாக உண்மை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"நம்பாத" என்றார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு நம்பாத அம்மிணி. வழி நெடுக, நீ ஊதச் சொல்லுவேங்கறத நெனச்சுட்டுத்தான் வாரேன்."

நான் வாசலுக்குப் போனேன். உள்ளே சௌமியா வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. விளக்கின் கீழே, முகத்துக்கு நேரே முகம் வைத்து நின்றேன்.

"ஊதுங்க."

ஊதினார். இஞ்சி. பனி. வெறும் மூச்சு.

"இன்னொரு தடவை" என்றேன். சிரித்துக்கொண்டே ஊதினார். நானும் மூச்சை விட்டேன். எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்றது, யாருடையது என்று தெரியாமல். பிறகு இல்லை. அவர் உள்ளே வந்தார்.