மூன்றாவது டிக்

கண்ணால் காண முடியாதவற்றுக்கும் பெயர் வைத்ததால்தான் மனிதன் விலங்கிலிருந்து உயர்ந்தான். இந்த உண்மையை நான் கண்டடைந்தது ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில், ஈர விரிப்புகளுக்கு நடுவே. கண்டடைந்தேன் என்பது கொஞ்சம் அதிகம். உயர்தர ஆங்கிலச் சொற்களைக் கற்றுத் தரும் ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் அப்படிப் போட்டிருந்தது.

அந்தப் புத்தகத்துக்கு ஒரே விதி. நாளுக்கு ஒரு சொல். அதை அன்றைக்கே மூன்று முறை நிஜமாகப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஓரத்துக் கட்டத்தில் ஒரு டிக். நாற்பத்தாறு நாளில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விடவில்லை. மேற்பார்வையாளன் அல்லவா!

"இன்னிக்கு என்ன வார்த்தை?" என்பாள் மனைவி.

"ரெசிலியன்ஸ். விழுந்தாலும் எழுந்து நிக்கிற குணம்."

"சரி, எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்க."

நாற்பத்தேழாம் நாளின் சொல் இன்டெக்ரிட்டி. நேர்மை. மாலை நாலரைக்குள் இரண்டு டிக் விழுந்துவிட்டன. மூன்றாவதற்கு ஆள் அகப்படவில்லை. மேஜையில், எங்கள் பிரிவில் விரிப்பு மடிக்கும் அக்காவின் மதிப்பீட்டுத் தாள் கிடந்தது.

ஆறு வருடமாகத் தற்காலிக வேலை அவளுக்கு. அவள் மடித்த விரிப்பின் விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் இருக்கும். நான் நல்லவிதமாக எழுதினால் நிரந்தரம். எல்லாக் கட்டத்திலும் 'நன்று' போட்டேன். கடைசியில் 'குறைகள்' என்று ஒரு வரி காலியாக இருந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அக்கா தினமும் பத்து நிமிடம் முன்னால் கிளம்புவாள்; காலையில் அரை மணி முன்னதாகவே வந்துவிடுவாள். அனுமதி கொடுத்தவனே நான்தான். ஆனாலும் எழுதினேன், ஆங்கிலத்தில்: பணி நேர விஷயத்தில் இவருக்கு இன்டெக்ரிட்டி போதாது. வாக்கியம் கம்பீரமாக இருந்தது. டிக் போட்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நிரந்தரம் கிடையாது, இந்த மாதத்தோடு வேலையும் கிடையாது. அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"தம்பி, இந்த வார்த்தை என்னன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"அது... நேர்மை."

"எனக்கு இருக்குங்கிறாங்களா?"

"பத்தலையாம்."

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள். ஓரம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. "யாரு எழுதினாங்களோ. நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க தம்பி. அதுக்கு நன்றி."

நான் தலையாட்டினேன். ஆமாம், அதற்கும் தலையாட்டினேன்.

அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு டிக்குக்காகவா?" என்றாள். விளக்கை அணைத்துத் திரும்பிப் படுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

காலையில் மேலாளர் அறைக்குப் போனேன். அக்கா என் அனுமதியோடுதான் பத்து நிமிடம் முன்னால் போனாள், நான் எழுதியது பொய் என்றேன்.

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"அந்த வார்த்தையை எங்கேயாவது போட வேண்டியிருந்தது சார். இப்ப ரொம்ப ரிமோர்ஸா இருக்கு."

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அக்காவின் வேலை போகவில்லை. நிரந்தரத்தை மட்டும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுவிட்டார்கள்.

மடிக்கும் மேஜைக்குப் போய் அக்காவிடமும் ஒப்புக்கொண்டேன். "எனக்கு ரிமோர்ஸா இருக்கு அக்கா."

"அப்படின்னா?"

"செஞ்ச தப்பை நினைச்சு வருத்தப்படுறது."

"அதை நேராவே சொல்லலாமே தம்பி" என்றாள். விரிப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். "புடிங்க. இழுத்துப் புடிங்க."

ரிமோர்ஸ் அன்றைய சொல். மேலாளரிடம் ஒரு முறை, எழுதிக் கொடுத்த பக்கத்தில் ஒரு முறை, அக்காவிடம் ஒரு முறை. மூன்று கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறேன்.