மேகத்தின் அடிப்பக்கம்

கஞ்சிக் கரண்டியை ஃபெம்மா வாயருகே கொண்டுபோனதும் அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மழை விட்டுருச்சா?"

"விட்டுருச்சு."

"மேற்கே திறந்திருக்கா? போய்ப் பாரு. போ!"

சுவருக்குள் பதித்த பெட்டிக்கட்டிலில் கிடந்தார் அப்பா வீப்ரன். மூன்று பக்கமும் பலகை, முன்னால் இரட்டைக் கதவு. அங்கிருந்து ஜன்னல் தெரியாது. எதிரே நாற்காலியில் சாய்த்திருந்த பெரிய ஓவியம் மட்டும் தெரியும். அதில் புல்வெளி, வாய்க்கால், கடலணை எல்லாம் முடிந்திருந்தன. வானத்தின் வலப்பக்கம் மட்டும் வெறும் பழுப்புப் பூச்சோடு நின்றது. மழைக்குப் பிறகு மேகம் கிழிந்து வெளிச்சம் இறங்க வேண்டிய இடம் அது. அந்த வெளிச்சத்தை வரைய அணைமேல் காத்துக் கிடந்துதான் அவர் நெஞ்சில் சளி கட்டியது.

முந்தைய நாள் பக்கத்துப் பண்ணை த்ரீன் கேட்டாள்: "என் வீட்டுக்காரரையும் அவர் தம்பியையும் வரச்சொல்றேன். மெத்தையோட தூக்கி ஜன்னலோரம் போட்டுரலாம். வானத்தைப் பார்த்துக்கிட்டே போகட்டுமே."

"வேணாங்கக்கா. குளிர் ஆகாது," என்று சொல்லிவிட்டாள் ஃபெம்மா.

இப்போது ஜன்னலருகே போய் நின்றாள். மழை கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மேகத் திரள் அடியில் விரிசல் விட்டு, வெளிச்சம் சாய்வாக இறங்கி, ஈரப்புல்லை வயல் வயலாகப் பற்றவைத்துக்கொண்டு வந்தது. ஆடுகளின் முதுகுகூட எரிந்தது. இப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. ஒரே சாம்பல்."

"எந்தச் சாம்பல்? மாடு மேய்க்கிறவ மாதிரி பேசாத. நீலம் சேர்ந்ததா, காவி சேர்ந்ததா?"

மேகத்தை வெறுமனே வெள்ளை என்று சொன்னதற்குத் தூரிகைக் காம்பால் விரல் கணுவில் அடி வாங்கி வளர்ந்தவள் அவள். மேகத்தின் அடிப்பக்கத்தில் கீழே கிடக்கும் நிலம் தெரிய வேண்டும் என்பார் அவர். உழுத மண்ணுக்கு மேலே நிற்கும் மேகமும் தண்ணீருக்கு மேலே நிற்கும் மேகமும் ஒன்றல்ல. வாய் தானாகத் திறந்தது.

"காவி. அடியில உழுத மண் மாதிரி. மேலே போகப் போக ஈயம். விளிம்புல வெள்ளை இல்ல, மோர் நிறம். வடமேற்குக் காத்து. காத்தாலைக்குப் பின்னால மட்டும் ஒரு மஞ்சக் கோடு, கொஞ்சம் பச்சை கலந்து."

பொய்தான் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது அது அம்மா கடைசியாக அணையில் நின்ற நாளின் வானமாக இருந்தது. சூறைக்காற்றில் ஓவியம் தாங்கும் சட்டம் பறக்காமல் அதன் கால்களைக் கட்டிக்கொண்டு அம்மா மழையில் உட்கார்ந்திருந்தாள். "அசையாதே!" என்று அப்பா கத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

கட்டிலில் மூச்சு இரைத்தது.

"அது இன்னைக்கு வானமில்ல," என்றார். "ஆக்யா சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாளே, அன்னைக்கு."

இத்தனை வருடத்தில் அம்மாவின் பெயரை அவர் சொல்லி ஃபெம்மா கேட்டதில்லை. திரும்பினாள். கட்டில் பக்கம் வந்து நின்றாள். காத்திருந்தாள்.

"நான் போட்டதுலயே நல்ல வானம் அதுதான். இருமி இருமி அவ ஆட்டாம இருந்திருந்தா, அந்த மஞ்சக் கோடு இன்னும் நேரா விழுந்திருக்கும்."

வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே ஏறி வந்திருந்தது. அவர் கண் சட்டென்று அவள் முகத்தில் நிலைத்தது.

"உன் கன்னத்துல விழுது. திறந்திருக்கு! பொய் சொல்றியாடி? விளிம்பு என்ன நிறம்? அதை மட்டும் சொல்லு, எனக்கு நேரமில்ல..."

அவள் கட்டில் கதவு இரண்டையும் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினாள். உள்ளே விரல் கணு பலகையைத் தட்டியது. "விளிம்பு மட்டும்," என்று குரல் வந்தது. அப்புறம் இருமல். அப்புறம் "ஃபெம்மா" என்று ஒரு தடவை, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. அவள் தோலை நீளமாக, அறுபடாமல் சீவிக்கொண்டே இருந்தாள். பானையை அடுப்பில் ஏற்றும்போது அறையில் வெளிச்சம் போயிருந்தது. சத்தமும் இல்லை.

பால் கொண்டுவந்த த்ரீன்தான் கதவைத் திறந்தாள்.

"ஐயோ ஆண்டவரே! ஃபெம்மா, இவர் போயிட்டாருடி! கதவை ஏன் சாத்தின?"

"வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னாரு."

த்ரீன் ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். குனிந்து அவர் இமைகளை மூடிவிட்டாள்.

"போர்த்தத் துணி இருக்கா?" என்றாள்.

ஃபெம்மா பரணில் ஏறி, படம் வரைய வாங்கிவைத்திருந்த புதுத் துணிச் சுருளை இறக்கி வந்தாள். மேசைமேல் உருட்டி விரித்தாள். இன்னும் பூச்சு ஏறாத, முரட்டு லினன்.

"இதையா?"

"அந்த முனையைப் பிடிங்கக்கா."

த்ரீன் பிடித்துக்கொண்டாள். கத்தரி நூல் பிடித்து நேராக ஓடியது.