இரண்டு ரிங்

"வந்திருங்க மச்சான். கஞ்சியக் குடிச்சாலும் சேந்து குடிப்போம்."

"வந்து என்னட்டி செய்ய? குற்றாலத்துல துண்டு விக்கவா?"

"நீங்க துண்டு வில்லுங்க, நான் பக்கத்துல சோப்பு விக்கேன்."

ஜித்தாவிலிருந்து கணவன் கிதிர் முகம்மது போனில் சிரித்த சிரிப்பு ஷமீம் பானுவின் காதில் இன்னும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. அவள் அழுத அழுகைக்காகத்தான் அவன் ஒரேயடியாக ஊருக்கு வந்தான். பத்து வருடச் சம்பாத்தியம் முழுவதும் தென்காசிக்கு வெளியே, மலையைப் பார்த்த மனையில் ஒரு வீடாகியிருந்தது. அங்கே லோடர் ஓட்டியவனுக்கு இங்கே கிடைத்த வேலை, வீட்டுக்குப் பின்னால் இருந்த கல் குவாரியில். வெடி வைக்கும்போது ஆட்களை விலக்கிச் சங்கு ஊதுவதும் அவன்தான்.

ஜித்தாவில் இருந்தபோது தினமும் மதியம் இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவான். எடுக்கக் கூடாது. உன்னை நினைத்தேன் என்று அர்த்தம். இப்போதும் மதியம் இரண்டு ரிங் வரும். பத்து நிமிடத்தில் வெடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நில் என்று அர்த்தம். வெடி அதிர்வில் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து மகள் ஷஹானாவின் தொட்டிலில் விழுந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு. நல்லவேளை, அப்போது பிள்ளை இவள் இடுப்பில் இருந்தாள்.

குவாரியை விரிவாக்கியபோது புதுக்குழி மலைக்கு அந்தப் பக்கம்தான் என்றார் மேனேஜர். ஆட்சேபணை இல்லை என்று முதல் கையெழுத்துப் போட்டது கிதிர். குழி இந்தப் பக்கம் வந்தது. கூடவே ஜல்லியில் தார் கலக்கும் பிளான்ட் இரண்டாவதாக ஒன்றும் வந்தது. கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போனது; இருந்த தண்ணீரிலும் எண்ணெய்ப் படலம் மின்னியது. முருங்கைக்கீரையை நாலு தண்ணீரில் அலசினாலும் சாம்பல் போகவில்லை.

சாரல் வந்தால் சரியாகும் என்று காத்திருந்தாள். வந்தது. தூசி அடங்கியது. ஆனால் ஈரக்காற்றில் தார்ப்புகை மேலே ஏறாமல் வாசலிலேயே படிந்து நின்றது. அருவிக்குப் போகிற கார்கள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டன.

ஷஹானாவுக்கு மூச்சிழுப்பு வந்தது அந்த வாரத்தில்தான்.

"இந்தக் காத்துல வச்சுக்கிட்டு எங்கிட்ட மருந்து கேக்காதீங்க. முதல்ல வீட்ட மாத்துங்க" என்றார் டாக்டர்.

விரிசல் விட்ட வீட்டை வாங்க ஆள் இல்லை. குவாரிச் சம்பளத்தில் டவுனில் வாடகை கட்டவும் வழியில்லை. என்ன கேட்க வேண்டும் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவன் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் அது நாக்கு நுனிவரை வரும். வரவழைத்தவளே எப்படிச் சொல்வாள்? விழுங்கிக்கொள்வாள்.

அன்று மதியம் ஷஹானாவுக்கு ஆவி மருந்து ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் வயர் சுவர் பிளக்கில். உதட்டின் நீலம் இன்னும் மாறவில்லை. போன் அடித்தது. மெஷினைப் பிடுங்கினால் பிள்ளைக்கு மூச்சு இல்லை. இங்கேயே இருந்தால் தலைக்கு நேர்மேலே விரிசல்.

இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, ஏன் எடுத்த? வெளிய போகலையா?"

"பிள்ளைக்கு மெஷின் ஓடுது. வெளிய வர முடியாது. வெடிய நிறுத்துங்க மச்சான்."

அவன் யாரிடமோ கத்துவதும், யாரோ அவனைத் திட்டுவதும் கேட்டது. பிறகு மூச்சு வாங்கப் பேசினான்.

"அரை மணி நேரம் வாங்கியிருக்கேன். அதுக்கு மேல விட மாட்டாங்க. நாளைக்கும் வெடி உண்டு பானு. நான் என்னதான் செய்ய? நீயே சொல்லு."

சின்ன நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"எங்கள டவுன்ல ஒரு வீட்டுல வச்சுட்டு, நீங்க திரும்ப ஜித்தாவுக்கே போயிருங்க மச்சான்."