மூட்டைக்காரனுக்குக் கொளுத்திய காகிதம்

எங்கள் ஹோய் ஆன் ஊர்த் தெருக்களில் முதுகு மூட்டையோடு திரிகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளவென்றே வந்து சேர்ந்தான். பெயர் சொன்னான், என் நாக்கில் நிற்கவில்லை. மூட்டைக்காரன் என்றே வைத்துக்கொண்டேன்.

ஆற்றோரம் எனக்கு மண்சட்டிக் கடை. விடிந்ததும் முதல் ஆளாக வருவான். இருப்பதிலேயே பெரிய சட்டியைத் தட்டிப் பார்ப்பான்.

"அக்கா, இது என்ன வெல?"

எங்கள் மொழியில் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விலையைச் சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். மூட்டைக்குள் சட்டியா போகும்? ஆனால் முதல் ஆள் வாங்காமல் போனால் அன்றைய போணி விளங்குமா? அவன் நகர்ந்ததும் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, அவன் நின்ற இடத்தில் ஆட்டிப் பீடையை ஓட்டுவேன்.

ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டான். எனக்கு மானம் போயிற்று. அவனோ ஓடி வந்து கைகூப்பித் தலைகுனிந்து, புகையை முகத்தில் ஒற்றிக்கொண்டான்.

பக்கத்தில் ரொட்டி விற்கும் லியென் விழுந்து விழுந்து சிரித்தாள். "பீடைய ஓட்டப் போயி ஆசீர்வாதம் பண்ணிட்டியேடி!"

அப்புறம் தினமும் புகைக்குத் தலைகுனிந்துவிட்டுத்தான் போவான். திட்ட வாய் வரவில்லை. கழுதையை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

டெட் புத்தாண்டு முடிந்து கடை திறக்கும் நாளின் போணிதான் வருஷம் முழுக்க நிற்கும். போன மழையில் ஆறு உள்ளே புகுந்து பாதிச் சட்டிகளைக் கொண்டுபோயிருந்தது. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் கைராசிக்காரரான லியென் புருஷனை முதல் ஆளாக வரச் சொல்லியிருந்தேன்.

கதவைத் திறந்தால், மூட்டையும் முதுகுமாக இவன். புதிதாக ஒன்று கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, போய்ட்டு வரேன்."

சட்டியை ஒருமுறை தட்டினான். விலை கேட்கவில்லை. ஒரு செய்தித்தாளை என் கையில் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

லியென் பதறினாள். "வேணாம்டி! வருசத்து மொத நாளு, வர்ற அதிர்ஷ்டத்தையே ஓட்டிடுவ!"

எனக்கும் தெரியாதா? ஆனால் வெயிலில் தோலுரிந்த அந்தப் பிடரி என்னைப் போட்டுப் படுத்தியது. யார் பெற்ற பிள்ளையோ, எந்த மலைப்பாதையில் எந்தப் பஸ்ஸில் போகப்போகிறானோ.

"போனாப் போவுது போடி," என்று குச்சியை உரசினேன்.

புகையை அவன் தலையைச் சுற்றி ஆட்டினேன். முகத்தில் ஒற்றிக்கொண்டு நடந்தான். தெருமுனையில் லியென் புருஷன் புகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

ஓட்டுவதற்கென்றே கொளுத்துகிற காகிதம் அது. கையைச் சுடும்வரை பிடித்துக்கொண்டு, திரும்பி வாடா, திரும்பி வாடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.