கிழிக்காத தாள்

1
இந்தக் கதை, பேரம் பேசப் போன இடத்தில் எனக்கு ஓசியாகக் கிடைத்தது. இரண்டு மீட்டர் துணி கேட்டேன். கடைக்காரம்மா வழக்கம்போல ஓரத்தில் நறுக்கி டர்ரெனக் கிழிக்காமல், கத்தரியால் அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“கிழிச்சுக் குடுங்கக்கா, இன்னைக்குள்ள வீடு போய்ச் சேரணும்.”

“மக உள்ள இருக்கா தம்பி. கிழிச்சா மேசைக்கு அடியில போயிடுவா.”

விலை குறைக்கத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். (பொய். குறைத்துத்தான் வாங்கினேன்.)

2
முதல் தொடக்கம்: ‘பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, விழிகளில் ஆறாத சோகத்தோடு…’ வேண்டாம். நான் பார்த்தபோது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது: ‘போன வருடம் ஒரு மத்தியானம், அப்பா துணி கிழித்துக்கொண்டிருந்தபோது இருவர் கடைக்குள் புகுந்து அவரைக் குத்திக் கொன்றார்கள். அவள் மேசைக்கு அடியில் இருந்தாள்.’ இது நிற்கட்டும்.

3
நேற்று வகுப்பில் பக்கத்துப் பெண் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். இவள் ஜாமெட்ரி பாக்ஸால் அவள் வாயில் அடித்தாள். ஒரு பல் போயிற்று. நாளைக் காலைக்குள் காரணம் சொல்லாவிட்டால் பள்ளியில் இடமில்லை என்றுவிட்டார் தலைமையாசிரியை.

“ஏன்டி அடிச்சே?”

“தெரியலம்மா.”

“தெரியாமயா கை நீளும்?”

“அதான் எனக்கும் புரியல. அவ என் ஃபிரெண்டும்மா.”

காரணம் எனக்குத் தெரியும்: அந்தச் சத்தம்.*

* தெரியுமா? அந்த வயதில் நானும் ஒருவனைச் சும்மா அடித்திருக்கிறேன்; என் வீட்டில் யாரையும் யாரும் குத்தவில்லை. கைக்குக் கிடைத்த காரணத்தைப் பளபளப்பாக்கித் தள்ளிவிடுவது கதை எழுதுகிற எங்கள் வம்சப் பழக்கம்.

4
முடிவு அ: அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள், எல்லோரும் அழுகிறார்கள். மலிவுச் சரக்கு.

முடிவு ஆ: பள்ளியைவிட்டு அனுப்பப்பட்டு, நாள் முழுக்க அந்த மேசையருகிலேயே அவள்…

எரிச்சலில் தாளைக் கிழித்தேன். நிமிர்ந்து பார்த்தால் கதையில் அவளைக் காணோம்.

“யாரு கிழிச்சது?” மேசைக்கு அடியிலிருந்து குரல்.

“நான்தாம்மா. வெறும் தாள்தான்.”

“தாளுன்னு தெரியுது. ஆனா வெளிய வர முடியல.” விரல் ஒன்று வெளியே வந்து கிழிந்த துண்டைத் தொட்டது. “நேத்து அவளும் தாளுதான்…”

அவ்வளவுதான் சொன்னாள்.

5
கிழித்ததை ஒட்டிவைத்தேன். உதவாத வரிகளெல்லாம் இங்கே கிடப்பது அதனால்தான்.

நாளைக் காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறை. அரை வாக்கியத்தோடு போகிறாள். மீதியைச் சொல்வாளா, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றும் முடிவைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். தாளை மட்டும் கிழிக்காதீர்கள். அவள் இன்னும் மேசைக்கு அடியில்தான் இருக்கிறாள்.