முதல் பாதி

அப்பாவின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மகள் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோதும் மனுஷன் இப்படித்தான், சட்டென்று எதற்கும் வளைந்து கொடுக்க மாட்டார். விடிவதற்குள் உயிர் போயிருந்தது.

"காலர் பட்டனையும் போட்டுடு," என்றாள் அம்மா. "திறந்து கிடந்தா அவருக்குப் பிடிக்காது."

முப்பத்தொரு வருஷம் தெருமுனை தியேட்டரில் அப்பா கேட்கீப்பர். மேட்னிக்கு அம்மா சாப்பாடு கொண்டுபோவாள். இடைவேளை முடிந்து மானேஜர் கிளம்பியதும் காலி ஸீட் ஒன்றில் அவளை உட்கார வைத்துவிடுவார். ஆக, அம்மா பார்த்த படமெல்லாம் இரண்டாம் பாதிதான். முதல் பாதியை வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அப்பா சொல்லுவார். ரிட்டயரானதும் இரண்டு பேரும் டிக்கெட் வாங்கி, ஆரம்பத்திலிருந்து ஒரு படம் பார்ப்பதாகப் பேச்சு. அதற்கு நாலு மாசம் முன்னாலேயே தியேட்டரை மூடிவிட்டார்கள். பழமையான கட்டடம், இடிக்கக் கூடாது என்று வாசலில் பலகை வந்தது. படம் மட்டும் வரவேயில்லை.

டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த மாமா வந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மகளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கப்பா எந்தப் படத்தோட முதல் பாதியையும் பார்த்ததில்லம்மா. லேட்டா வர்றவங்கள உள்ள விடணுமில்ல, கதவுக்கு வெளியதான் நிப்பாரு. உங்கம்மாகிட்ட சொன்னதெல்லாம் சொந்தச் சரக்கு."

மகள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா காதில் விழுந்துவிட்டது.

"தெரியும்," என்றாள் அம்மா. "ஒரு படத்துல பொண்ணோட அப்பா செத்துட்டாருன்னு கண்கலங்கிச் சொன்னாரு. நான் பார்த்த பாதியில அந்த ஆளு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து காப்பி குடிச்சிக்கிட்டிருந்தாரு."

"கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா, சொல்றத நிறுத்திடுவாரே." அம்மா அவருடைய காலரைச் சரிசெய்தாள். "ஒரு தடவை பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அந்த ஆசைதான் போகமாட்டேங்குது."

அப்பாவை ஏற்றிக்கொண்டு சுடுகாட்டு வண்டி கிளம்பித் தெருமுனையை எட்டியபோது அம்மா நிமிர்ந்தாள். "தியேட்டர் முன்னால கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

"பின்னாடி பஸ் வருதும்மா," என்றார் டிரைவர். "இங்க நிக்க விடமாட்டாங்க."

"நிறுத்துங்க, நான் பார்த்துக்கறேன்," என்று மகள் இறங்கினாள். வண்டிக்குப் பின்னால் போய், நடுரோட்டில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். பஸ் டிரைவர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். அழுகையும் அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடிக்குள் அம்மா அப்பாவின் தலைமாட்டுக்கு நகர்ந்திருந்தாள். தியேட்டரின் பூட்டிய கதவைப் பார்த்தபடி, கையை ஆட்டி ஆட்டி அவரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

மகள் கையை இறக்கவில்லை.