சரிவில் இறங்கிய கார்

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

கறுப்புக் கிமோனோவோடு கார் கொட்டகை வாசலில் நின்றாள் ஹிசாயே. உள்ளே அவள் புருஷன் கென்சுகேயைச் சவப்பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார்கள். இங்கே அவருடைய சிநேகிதன் குவாபாரா, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் கிடந்தான். ஏற்கெனவே தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திய கார். அதன் பின் பம்பருக்குக் கீழே ஒரு கறுப்புப் பலகை, அடியில் போகிற காற்றை வழிப்படுத்துகிற டிஃப்யூசராம்.

"இடப்பக்கம் அவனே முடுக்கிட்டுத்தான் போயிருக்கான் அண்ணி. வலப்பக்கம் மட்டும் நான். சவ வண்டிக்குப் பின்னால இது முழுசாப் போகட்டுமே."

"அன்னிக்கு இதை மாட்டிட்டிருக்கும்போதுதான் நெஞ்சை அடைக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கன்னேன். இந்தா நாலு போல்ட்டுதான்னாரு. கழட்டுடா அதை!"

குவாபாரா கடைசி போல்ட்டையும் முடுக்கிவிட்டு வெளியே வந்து ஜாக்கியை இறக்கினான். கார் உட்கார்ந்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைந்தது. தூக்கி நிறுத்திய வண்டியிலேயே அளவு பார்த்திருக்கிறான், மடையன்.

"வாசல் சரிவுல இடிக்கும். கழட்ட நேரமில்ல. வேற ஆள் ஏறாம, நான் மட்டும் குறுக்கே திருப்பி எடுத்தா தப்பிச்சிரலாம். நீங்க சவ வண்டியிலேயே..."

ஆள் ஏறாமலா? ஹிசாயேவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மேடு கண்ட இடமெல்லாம், "கொஞ்சம் இறங்கி நடம்மா, வண்டி உரசும்" என்று இறக்கிவிட்டவர் கென்சுகே. மழையிலும் நடந்திருக்கிறாள், பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் நடந்திருக்கிறாள். பெண்டாட்டியை விடக் காரைப் பொத்திப் பொத்தி வைத்த மனிதர்.

"சாவியைக் குடு."

மகள் சிதோசே அப்பாவின் பெயர் எழுதிய நினைவுக் கட்டையை ஏந்திக்கொண்டு சவ வண்டியில் ஏறியிருந்தாள். "அம்மா, நீதானே இங்க உட்காரணும்?" என்று கத்தினாள். ஹிசாயே செருப்பை உதறிவிட்டுக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

சவ வண்டி நீளமாக ஹாரன் அடித்துப் புறப்பட்டது. தெருவே தலைகுனிந்து கைகூப்பியது.

"குறுக்கே எடுங்க அண்ணி! குறுக்கே!"

அவள் நேராக இறக்கினாள். கார் முனகியது, பிறகு அலறியது. கும்பிட்டவர்கள் தலை நிமிர்ந்தார்கள். பிரேக் பக்கம் அவள் கால் போகவேயில்லை.

பலகையில் குவாபாரா முடுக்கிய பக்கம் பிய்ந்து தொங்கியது. கென்சுகே முடுக்கிய பக்கம் விடவில்லை. தெருமுனை தாண்டியும், தரையைத் தேய்த்துக்கொண்டே கூட வந்தது.